கணினிக் கேள்வி பதில்: நினைவக அமைப்பில் கை வைப்பதற்கு முன்

சென்ற மாதம் இப்பகுதியில் ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) என்றால் என்ன என்ற எளிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றில் பாதிக்கு மேல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வாழும் வடசென்னை வாசகர்களுடையவை என்பதைக் கவனித்தேன். ஆல்பம் வடிவமைப்பு, பிளெக்ஸ் அச்சு, ஜவுளிக் கணக்கு, லாரி புக்கிங் என்று நாள் முழுவதும் ஓய்வில்லாமல் உழைக்கும் பழைய கணினிகள் அங்கே ஏராளம் என்பதால் இதில் வியப்பில்லை. எந்த அமைப்பை மாற்றினால் வேகம் வரும் என்பதே எல்லாக் கடிதங்களின் சாரமாக இருப்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ராயபுரத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்துத் திருமண ஆல்பங்கள் வடிவமைத்துத் தருகிறேன். ஐ5 கணினி, 8 ஜிபி ரேம். 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 இருக்கிறது. படங்களை 1 டிபி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். 12க்கு 36 அங்குல ஷீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று போட்டோஷாப் நின்றுவிடுகிறது. யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்து, விர்ச்சுவல் மெமரியை ரேமின் ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்று கணக்கிட்டு எம்பி கணக்கில் 12288, 24576 என எழுதினேன். போட்டோஷாப்பின் மெமரி அளவையும் 95 சதவீதமாக உயர்த்தினேன். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. சி டிரைவில் 14 ஜிபி காலியாக இருந்தது. இப்போது 4 ஜிபிதான் காட்டுகிறது. முகூர்த்த மாதம் நெருங்குகிறது. என்ன செய்யலாம்?
– ஆல்பம் வடிவமைப்பாளர், ராயபுரம்

பதில்: பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. ஆனால் குற்றம் உங்களுடையதன்று. இரண்டு வெவ்வேறு கிடங்குகளை ஒன்றென்று நினைக்க வைத்த அந்தக் காணொளியினுடையது.

ரேம் போதாதபோது விண்டோஸ் தன் சரக்கின் ஒரு பகுதியை இறக்கி வைக்கும் கிடங்கு பேஜ் ஃபைல். நீங்கள் 12288 என்று எழுதியது அதன் அளவைத்தான். போட்டோஷாப்போ, இயக்குதளத்தின் கிடங்கை நம்பியிராமல், தனக்கென்று தனியாக ஒரு தற்காலிகக் கிடங்கை வைத்துக்கொள்ளும் மென்பொருள். அதுதான் ஸ்கிராட்ச் டிஸ்க். நாம் வேறு இடம் சொல்லாதவரை, விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில்தான் அது அமர்கிறது. ஆக, சி டிரைவில் மிச்சமிருந்த இடத்தில் ஏறக்குறைய 10 ஜிபியை எடுத்து நீங்கள் விண்டோஸின் கிடங்குக்குக் கொடுத்துவிட்டதால், இடம் இல்லை என்று ஏற்கெனவே முறையிட்டுக்கொண்டிருந்த போட்டோஷாப்பின் கிடங்கு இன்னும் சுருங்கிவிட்டது.

உங்கள் ஷீட் ஒன்று எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 12 அங்குலத்துக்கு 3600. 36 அங்குலத்துக்கு 10800. இரண்டையும் பெருக்கினால் சுமார் 3 கோடியே 89 லட்சம் பிக்சல்கள் வருகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம், ஷீட் முழுவதையும் நிரப்பும் ஒரே ஒரு லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்குக்கு) ஏறத்தாழ 111 எம்பி தேவை. பின்னணி, பூ வேலைப்பாடு, மணமக்களின் படங்கள், மினுமினுப்பு என்று 20 லேயர்கள் வைத்தால் அதுவே 2 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. இதற்கு மேல், நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் பெறுவதற்காக ஹிஸ்டரி என்ற பெயரில் 50 படிகள் வரை சேமித்து வைக்கப்படுகின்றன. ஷீட் முழுவதையும் தொடும் ஒரு ஃபில்டரைப் பத்து முறை போட்டுப் பார்த்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 16 பிட் முறையில் வேலை செய்பவராக இருந்தால் இவை அனைத்தும் இரு மடங்காகும். ஆல்பம் அச்சுக்கு 8 பிட் போதும்.

முதலில் விர்ச்சுவல் மெமரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மீண்டும் அட்வான்ஸ்டு, அங்கே விர்ச்சுவல் மெமரி என்று சென்றால், எல்லா டிரைவுகளுக்கும் பேஜிங் ஃபைல் அளவைத் தானாகவே நிர்வகிக்கச் சொல்லும் கட்டம் மேலேயே இருக்கும். அதை டிக் செய்து கணினியை மறுபடி துவக்கினால், இழந்த இடத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஒன்றரை மடங்கு என்ற சூத்திரம் ரேம் 256 எம்பியும் 512 எம்பியுமாக இருந்த காலத்தில் பிறந்தது. 32 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு அதைப் பொருத்தினால் 48 ஜிபி இடத்தை வெறுமனே பூட்டி வைக்க வேண்டியிருக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தானியங்கி நிலையில் விண்டோஸ் 10 வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு, ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி ஆகிய இரண்டில் பெரியது. டிரைவின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அதாவது, நீங்கள் சிரமப்பட்டு எழுதிய அந்த 24576 என்ற எல்லை ஏற்கெனவே அங்கே இருந்ததுதான். விண்டோஸ் அந்த இடத்தைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொண்டிருந்திருக்கும். நீங்களோ பாதியை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்து, போட்டோஷாப்பின் ப்ரிஃபரன்சஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் பகுதிக்குச் சென்று, 1 டிபி ஹார்ட் டிஸ்கையும் டிக் செய்து, இப்போதைக்கு அதையே முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வேலை நடுவில் நிற்பது இதனால் நின்றுவிடும், வேகம் வராது. சுழலும் தட்டில் ஓரிடத்தைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். ரேமுக்கு அதில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட அதிகம். எனவே சி டிரைவின் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் தூங்கும் பழைய ஆல்பங்களை ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்துங்கள். ஸ்டுடியோக் கணினிகளின் டெஸ்க்டாப்பில் வாடிக்கையாளர் பெயரிட்ட ஃபோல்டர்கள் சுவரொட்டிபோல் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்க்காத கடையே இல்லை. அப்படிச் செய்து 50 ஜிபிக்குக் குறையாமல் காலியிடம் கிடைத்த பிறகு, எஸ்எஸ்டியை முதலிடத்துக்கும் ஹார்ட் டிஸ்கை இரண்டாமிடத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கிராட்சுக்கு என்றே சிறிய எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாகப் பொருத்துவது இதைவிடச் சிறந்தது.

மூன்றாவதாக, அந்த 95 சதவீதம். அதை உடனே 70க்கு இறக்குங்கள்; அதுவே இயல்பு நிலை. விண்டோஸுக்கும் எழுத்துருக்களுக்கும் பிரவுசருக்கும் வெறும் 5 சதவீதத்தை விட்டுவைத்தால், அவை ஒன்றையொன்று ரேமிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்பதைத் தினம் பார்க்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: சரக்கை இறக்க ஆகும் நேரம் சிறிது, வரிசையில் நிற்கும் நேரமே பெரிது. கணினி இயலில் இந்த நிலையை 'த்ராஷிங்' என்பார்கள். அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968லேயே இதன் காரணத்தை விளக்கிவிட்டார். ஒரு நிரல் அந்த நேரத்தில் உண்மையாகவே புழங்கும் பக்கங்களுக்கு (நினைவகத்தின் சிறு துண்டுகளுக்கு) ரேமில் இடம் இல்லையென்றால், அதை ஓட விடுவதே எல்லோருக்கும் கேடு என்பது அவர் சொன்னதன் சாரம். 16 ஜிபி உள்ளவர்கள் 75, 80 வரை மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். அதற்கு மேல் நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இவற்றையெல்லாம் செய்துவிட்டு, போட்டோஷாப் சாளரத்தின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். ஆவணத்தின் அளவைக் காட்டும் அந்தச் சிறிய பட்டையின் அம்புக்குறியை அழுத்தினால் வரும் பட்டியலில் 'எஃபிஷியன்சி' என்றொரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வழக்கம்போல் வேலை செய்யுங்கள். எண் 100 சதவீதத்திலேயே நின்றால் எல்லாம் ரேமுக்குள் நடக்கிறது. 90, 80 என்று இறங்கினால் ஸ்கிராட்சுக்குப் போய் வருகிறது என்று பொருள். அப்படி இறங்கும்போது ஹிஸ்டரியை 50லிருந்து 20ஆகக் குறையுங்கள். தேவையற்ற லேயர்களை ஒன்றாக்குங்கள். எடிட் மெனுவில் உள்ள 'பர்ஜ்' மூலம் தேங்கியதை வெளியேற்றுங்கள். ஆனால் பர்ஜ் செய்த பிறகு பழைய படிகளுக்குத் திரும்ப முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் எண் ஏறவில்லையென்றால், இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு முகூர்த்த ஆல்பத்தின் கூலியில் அது அடங்கிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஆலோசனையும் உலவுகிறது: எஸ்எஸ்டி தேய்ந்துவிடும், எனவே பேஜ் ஃபைலே வேண்டாம் என்பார்கள். அதை நம்பி நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். தங்கசாலைப் பக்கம் ஒரு கணக்கு அலுவலகத்தில், 8 ஜிபி கணினி ஒன்றில் பேஜ் ஃபைலை முற்றாக நீக்கிவிட்டு, வேகம் கூடிவிட்டது என்று பெருமையோடு வீடு திரும்பினேன். மறுநாள் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில், டாஸ்க் மேனேஜர் இன்னும் 2 ஜிபி காலி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, நினைவகம் போதவில்லை என்று சொல்லி எக்செல் மூடிக்கொண்டது. ஒவ்வொரு நிரலும் கேட்கும் நினைவகத்துக்கு விண்டோஸ் வாக்குறுதி கொடுக்கிறது. நிரல் அதை முழுவதும் பயன்படுத்தாவிட்டாலும் வாக்குறுதி வாக்குறுதிதான். ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்ததே அந்த வாக்குறுதிகளின் எல்லை. எழுதிக் கொடுத்த காசோலைகளின் மொத்தம் வங்கி இருப்பைத் தொட்டுவிட்டால், பெட்டியில் ரொக்கம் இருந்தாலும் புதிய காசோலை எழுத மறுக்கும் கண்டிப்பான கணக்காளர் போன்றது விண்டோஸ். பேஜ் ஃபைலை நீக்கிய நான், அந்த வங்கி இருப்பைத்தான் குறைத்திருந்தேன். அந்த அலுவலகத்தில் அன்று மாலை குடித்த தேநீரின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கேள்வி: ஜவுளி மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். டேலி கணக்கு மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று நண்பர் ஒருவர், விண்டோஸ் துவங்கும் முறையை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, 'மாக்சிமம் மெமரி' என்ற கட்டத்தை டிக் செய்து கொடுத்தார். அதிலிருந்து 8 ஜிபி ரேமில் பாதிதான் பயன்படுகிறது என்று காட்டுகிறது. மற்றொரு பாதி எங்கே போயிற்று?
– கணக்கர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எங்கும் போகவில்லை, உங்கள் நண்பர் பூட்டி வைத்துவிட்டார். 'மாக்சிமம் மெமரி' என்ற பெயரைப் பார்த்து, அதை டிக் செய்தால் அதிகபட்ச நினைவகம் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது 'இதற்கு மேல் பயன்படுத்தாதே' என்ற கட்டளை. குறைந்த நினைவகம் உள்ள கணினியில் தம் மென்பொருள் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்க்க விரும்பும் நிரலாளர்களுக்காக வைக்கப்பட்ட வசதி அது. அதற்குப் பக்கத்தில் உள்ள ப்ராசசர் எண்ணிக்கைக் கட்டமும் அப்படியே: டிக் செய்யாமல் விட்டால்தான் விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும்.

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். பூட் என்ற தாவலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்து, இரண்டு டிக்குகளையும் எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி துவக்குங்கள். பின்னர் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைப் பாருங்கள். 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் இப்போது 4 ஜிபி அளவுக்குக் காட்டிக்கொண்டிருப்பது சில நூறு எம்பியாகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கியிருக்க வேண்டும்.

இறங்கவில்லையென்றால், பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) எவ்வளவு ரேம் காட்டுகிறது என்று பாருங்கள். அங்கேயே 4 ஜிபி என்றிருந்தால் இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று ஸ்லாட்டில் சரியாக அமரவில்லை. அங்கே 8 காட்டி, விண்டோஸில் மட்டும் மூன்றே கால், மூன்றரை என்று நின்றால், நிறுவியிருப்பது 32 பிட் விண்டோஸ். 32 இருநிலை எண்களால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகளைத்தான் குறிக்க முடியும். அதுவே 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கை மற்ற வன்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். அதற்கு 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. எந்த அமைப்பும் உதவாது.

ஒரு வார்த்தை கூடுதலாக: டேலி மெதுவாக இருப்பதற்கு ரேம் அரிதாகவே காரணம். தரவு வேறொரு கணினியில் இருந்து, அதை வைஃபை வழியாகத் திறக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு லேன் கேபிளை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே இணையவழியில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். குரோமில் 30 தாவல்கள் திறந்திருந்தால் வகுப்பின் நடுவில் குரல் தடைபடுகிறது. 4 ஜிபி லேப்டாப்.
– ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: குரோமின் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் 'மெமரி சேவர்' இருக்கிறது, அதை இயக்குங்கள். பார்க்காமல் கிடக்கும் தாவல்களை அது உறங்க வைக்கும்; மறுபடி தொட்டால் பக்கம் புதிதாக ஏறும். வகுப்பு நடத்தும் தளத்தின் முகவரியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க மறவாதீர்கள். எந்தத் தாவல் எவ்வளவு விழுங்குகிறது என்பதை அறிய, குரோமுக்குள் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் திறக்கும். தேவையற்ற எக்ஸ்டென்ஷன்கள் அங்கே கையும் களவுமாகப் பிடிபடும்.

கேள்வி: பள்ளியில் அரசு என் அண்ணனுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியை இப்போது நான் கல்லூரிக்குப் பயன்படுத்துகிறேன். 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. ரேமைச் சுத்தம் செய்து வேகமாக்கும் மென்பொருள் ஒன்றை நண்பர்கள் சொல்கிறார்கள். போட்டால் காலி இடம் கூடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் கணினி அப்படியேதான் இருக்கிறது.
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: கண்ணால் பார்ப்பதும் உண்மை, வேகம் வராததும் உண்மை. அடிக்கடி திறக்கும் நிரல்களின் பகுதிகளை விண்டோஸ் ரேமின் காலி இடத்தில் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறது. விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்றும், இப்போது சிஸ்மெயின் என்றும் இதற்குப் பெயர். வேறு நிரல் இடம் கேட்டால் அந்த நொடியே அது விட்டுக்கொடுத்துவிடும். எனவே காலியாகக் கிடக்கும் ரேம் சேமிப்பன்று, வீண். சுத்தம் செய்யும் மென்பொருளோ, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களையும் பிடித்து உலுக்கி, அவற்றின் பக்கங்களைப் பேஜ் ஃபைலுக்கு விரட்டுகிறது. பச்சை நிறத்தில் எண் கூடுகிறது. அடுத்த விநாடி நீங்கள் வேர்டைத் தொட்டதும் விரட்டியதையெல்லாம் ஹார்ட் டிஸ்கிலிருந்து திரும்ப அள்ளிவர வேண்டியிருக்கிறது. சமைத்துக்கொண்டிருக்கும்போதே அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, அடுக்களை விசாலமாகிவிட்டது என்பதைப் போன்ற வேலை இது.

நினைவகத்தைச் சரிக்கட்டுவது உண்மையான கைவினையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெரம்பூரில் ஒரு கணினி மையத்தில் நான் வேலை கற்றபோது, டாஸ் இயங்குதளம் நிரல்களுக்கு நேரடியாகக் கொடுத்தது 640 கேபிதான். கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் ஹைமெம்.சிஸ் வரியை எங்கே எழுதுவது, எந்த டிரைவர் நிரலை 640 கேபிக்கு மேலுள்ள நினைவகத்துக்கு ஏற்றுவது என்று வரி வரியாக மாற்றி, 20 கேபி கூடுதலாகக் கிடைத்தால் ஏதோ புதையல் கிடைத்ததுபோல் மகிழ்வோம். 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6இல் மெம்மேக்கர் என்ற கருவி அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. எங்கள் கைவினைக்கு அன்றே முடிவு நெருங்கிவிட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் ரேம் பூஸ்டர்கள் எல்லாம், அந்தக் காலத்து நம்பிக்கையின் மீது நடக்கும் வியாபாரம் என்பதே என் கருத்து.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது வேறு. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2011இல் தொடங்கிய அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான இயங்குதளம் அது. பெரும்பாலான மாணவர்கள் ஒருமுறைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். எடை குறைந்த திரைச்சூழல் கொண்ட லினக்ஸ் ஒன்றைப் புதிதாக நிறுவினால், 2 ஜிபியிலும் கல்லூரிக் கட்டுரைகளும் நிரல் பயிற்சியும் தாராளமாக நடக்கும்.

லினக்ஸில்தான் நினைவக அமைப்பை மாற்றுவதில் உண்மையான பயன் உண்டு. 'ஸ்வாப்பினெஸ்' என்ற எண் அங்கே இயல்பாக 60ஆக இருக்கும்; ரேமில் உள்ளதை ஸ்வாப்புக்கு (லினக்ஸின் பேஜ் ஃபைல் போன்ற கிடங்குக்கு) தள்ள அது எவ்வளவு ஆர்வம் காட்ட வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது. ஸ்வாப் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதென்றால் 10 அல்லது 20ஆகக் குறையுங்கள். இசட்ரேம் என்ற வசதியை இயக்கினீர்களென்றால் நேர் எதிராகச் செய்யுங்கள்: அது பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கிறது, அந்த நிலையில் எண்ணை 100 வரை கூட்டுவதே நல்லது. இணையத்தில் ஒருவர் குறை என்றும் மற்றொருவர் கூட்டு என்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான். இருவரும் வெவ்வேறு ஸ்வாப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடிப்புற மூடியைத் திறந்து காலி ஸ்லாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். குச்சியின் மேல் உள்ள ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்றிருந்தால் அது 1.35 வோல்ட் வகை, 'பிசி3' என்று மட்டும் இருந்தால் 1.5 வோல்ட். ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 லேப்டாப் குச்சிகள் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. உங்கள் குச்சியைக் கழற்றிக் கையோடு கொண்டுசென்று, அதே வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐ5 பத்தாம் தலைமுறை ப்ராசசர், எச்410 மதர்போர்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. 3200 வேகமுள்ள 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று வாங்கினேன். டாஸ்க் மேனேஜரில் 2666 என்றே காட்டுகிறது. பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கியும் மாறவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– விளையாட்டுப் பிரியர், பெரம்பூர்

பதில்: இல்லை. அந்த ப்ராசசரும் அந்த போர்டும் சேர்ந்தால் 2666தான் எல்லை. 3200 வேகக் குச்சி அங்கே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். இப்போது சந்தையில் எளிதாகக் கிடைப்பது 3200 என்பதால் கடைக்காரர் அதைக் கொடுத்திருக்கிறார்; கெடுதல் ஒன்றுமில்லை. எக்ஸ்எம்பி என்பது குச்சிக்குள் எழுதிவைத்திருக்கும் கூடுதல் வேகக் குறிப்பு. அதைப் படித்து நடக்கும் உரிமை போர்டுக்கு இருந்தால்தான் பயன். வேறு மென்பொருளில் பார்த்து 1333 என்றிருக்கிறதே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்: ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் வகை என்பதால் 1333இன் இரு மடங்குதான் அந்த 2666.

நீங்கள் தேடும் வேகம் காலியாக இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கிறது. ஒரு குச்சி 2666 வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 21 ஜிபி தரவைக் கடத்தும். அதே போன்ற இன்னொரு குச்சியைச் சேர்த்தால் இரண்டும் இணைத்தடமாகி (டூயல் சேனல்) 42 ஜிபியைத் தாண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், திரையில் ஓடும் விளையாட்டுக் காட்சிகளும் இதே ரேமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்கின்றன என்பதால், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பயாஸில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தைக் கூட்டினால் வேகம் வரும் என்றும் சிலர் சொல்வார்கள். தேவைப்படும்போது கிராஃபிக்ஸ் பகுதி தானாகவே கூடுதலாக எடுத்துக்கொள்ளும்; ஒரு விளையாட்டு குறைந்தபட்ச அளவைக் கேட்டுத் திறக்க மறுத்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலையில் கணினியைத் துவக்கினால் சில நாட்கள் பீப் ஒலி மட்டும் வருகிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. சில நாட்கள் ஓடி, நடுவில் நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. விர்ச்சுவல் மெமரியைக் கூட்டியும் பயனில்லை.
– அலுவலக உதவியாளர், காசிமேடு

பதில்: பீப் ஒலி வரும்போது விண்டோஸ் இன்னும் விழித்துக்கொள்ளவேயில்லை, எனவே விண்டோஸின் எந்த அமைப்பும் இதில் குற்றவாளி அன்று. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அலுவலகம் என்பதால் எனக்கு உப்புக் காற்றின் மீதுதான் முதல் சந்தேகம்.

மின் இணைப்பை முழுவதும் துண்டித்து, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுக்கொண்டு, ரேம் குச்சியின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை விலக்கி வெளியே எடுங்கள். அதன் பொன்முலாம் பூசிய பற்கள் புதுத் தாலிச் செயின்போல் மின்ன வேண்டும். உங்களுடையவை பழைய பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்தில் மங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, உதிர்ந்த துகளைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைத்தால், பஞ்சில் தொட்டுத் துடைப்பது இன்னும் நல்லது. பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான நீல ரப்பரைத் தொடவே கூடாது, முலாமையே சுரண்டிவிடும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரமும் உப்புதான். திரும்பப் பொருத்தும்போது இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று தாமாக மூடிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகும் நீலத் திரை வந்தால், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையை ஓட விடுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுவதும் ஓட விட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சியை நம்பாதீர்கள். இரண்டு குச்சிகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, இரு ஸ்லாட்டுகளிலும் மாற்றி மாற்றிச் சோதித்தால், கெட்டது குச்சியா ஸ்லாட்டா என்பது தெரிந்துவிடும். உறையில் உத்தரவாதம் எழுதியிருந்தால், ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வாங்கிய கடைக்கே கொண்டுசெல்லுங்கள்.